மூலமும் உரையும்: ஒரு பழைய கருவி புதுமுகம் பெற்ற கதை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

சுவடியும் பாடவேறுபாடும் பற்றியே இம்மேடையில் பேசிப் பழகியவள் நான். இன்று ஒரு கணினிக் கருவியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழாசிரியை ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். ஏடு எழுதியவர் எழுத்தாணியைப் பற்றிப் பேசுவது முறையானால், இன்று எழுதுகிறவர் தம் எழுதுகருவியைப் பற்றிப் பேசுவதும் முறையே என்பது என் துணிபு.

முதலில் ஒரு சிறு காட்சி. ஈமேக்ஸ் என்றொரு கருவி உண்டு. அதில் கண்ட்ரோல் விசையோடு எச் விசையையும், அதன்பின் எச் விசையைத் தனியாகவும் அழுத்தினால் ஒரு பக்கம் திறக்கும். உலக மொழிகள் பலவற்றின் முகமன் சொற்கள் அங்கே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அவற்றிடையே தமிழ் என்னும் பெயரும் அதனெதிரே வணக்கம் என்னும் சொல்லும் உள்ளன. நான் அப்பக்கத்தை முதன்முதலில் வெறும் எழுத்து முனையத்தில் திறந்தேன். புள்ளி, மெய்யின் தலைமேல் நில்லாமல் பக்கத்தில் விலகிக் கிடந்தது. அதே பக்கத்தைப் பின்னர் வரைகலைச் சாளரத்தில் திறந்தபோது சொல் முழுமையாக நின்றது. இவ்விரு காட்சிகளுக்கும் இடைப்பட்ட தொலைவே இன்றைய என் பேச்சின் பொருள்.

கருவியும் அதன் பிறப்பும்

ஆங்கிலத்தில் டெக்ஸ்ட் எடிட்டர் எனப்படும் இவ்வகைக் கருவியைக் கணினித் தமிழார் உரைத்திருத்தி என்பர். உரை என்னும் சொல்லை நான் வேறொரு பொருளிலும் ஆளவிருப்பதால் இதனைத் திருத்தி என்றே சுருக்கி வழங்குகிறேன். அழகிய தலைப்பு, பல அளவு எழுத்து, பக்க அமைப்பு ஆகியவற்றைத் தரும் சொற்செயலி வேறு. எழுத்துகளை எழுத்துகளாக மட்டுமே சேமித்துத் தேடவும் மாற்றவும் ஒப்பிடவும் உதவும் திருத்தி வேறு. நிரல் எழுதுவோர்க்கு அன்றாடக் கருவியான இது, பாடவேறுபாடு தொகுப்பவர்க்கும் ஏற்ற கருவியே ஆகும்.

இக்கருவிகள் பிறந்த காலத்தில் கணினிக்குத் திரையே அரிது. 1969 அளவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் ஆக்கிய எட் என்னும் திருத்தி, தட்டச்சுப் பொறி போன்ற முனையத்தில் தாளின்மேல் அச்சிட்டுக்கொண்டே இயங்கியது. ஒருவர் தாம் திருத்தும் பக்கத்தை முழுமையாகக் கண்ணால் காணவியலாது. வரியெண்ணைச் சொல்லி அவ்வரியை மட்டும் கேட்டுப் பெறவேண்டும். திரை வந்த பின்னர், 1976-இல் பெர்க்லியில் பில் ஜாய் வி.ஐ. என்னும் திருத்தியைத் தொடங்கினார். அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ முனையத்தில் அம்புக்குறிக்கெனத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின் மேலேயே அம்புகள் வரையப்பட்டிருந்தன. அம்முனையங்கள் மறைந்து பல்லாண்டுகள் ஆகியும், உலகெங்கும் நிரலாளர்கள் இன்றும் அந்நான்கு விசைகளைக் கொண்டே திரையில் இடம் விட்டு இடம் நகர்கின்றனர்.

கருவியின் குறை வழக்காகி, வழக்கு மரபாகும் இவ்வியல்பு நமக்குப் புதிதன்று. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பழுதுபடும் என்பதால் ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினர். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் ஏட்டில் புலப்படாது போயிற்று. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார். அதற்கு முற்பட்ட மரபில் எழுந்த சுவடிகளைப் படிக்கும்போது, இது குறிலா நெடிலா என்று இன்றும் நாம் தடுமாறுகிறோம். எழுதுகருவி எழுத்தைத் தீண்டாமல் விடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இரண்டு சொற்களின் வரலாறு

ஈமேக்ஸ் 1976-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில், டெக்கோ என்னும் பழைய திருத்தியின்மீது கட்டப்பட்ட கட்டளைத் தொகுதியாகப் பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் அதனை வளர்த்தெடுத்தார். பின்னர் 1984-இல் குனூ திட்டத்தின் பகுதியாகப் புதிதாக எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது பொதுவெளிக்கு வந்தது. அதன் மூலநிரல் எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் திறந்திருப்பது. திறமூலம், கட்டற்ற மென்பொருள் என்று நாம் வழங்கும் சொற்கள் இதனையே குறிக்கின்றன.

சொல்லாராய்ச்சியில் பழகிய எனக்கு, அதன் கலைச்சொற்களே முதலில் வியப்பளித்தன. நாம் விண்டோ, சாளரம் என்று இன்று சொல்வதை ஈமேக்ஸ் ஃபிரேம், அதாவது சட்டம் என்கிறது. அச்சட்டத்தினுள் பிரிக்கப்படும் பகுதியையே அது சாளரம் என்கிறது. இது பிழையன்று. உலகம் அச்சொல்லை வேறு பொருளில் பரவலாக ஆளத் தொடங்குவதற்கு முன்பே இக்கருவி அதனை எடுத்தாண்டுவிட்டது. அவ்வாறே யாங்க் என்னும் சொல் ஈமேக்ஸில் ஒட்டுதலையும் வி.ஐ. மரபில் படியெடுத்தலையும் குறிக்கும். ஒரே சொல் இரு நாடுகளில் இரு பொருள்பட வழங்குவதைப் போன்றது இது.

இதன் விளைவு யாது? 1984-இல் வந்த மக்கின்டாஷ் கணினி வழியாகவும் அதனைப் பின்பற்றிய ஏனைய கணினிகள் வழியாகவும், வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் ஆகியவற்றுக்கு எக்ஸ், சி, வி ஆகிய விசைகள் உலக வழக்காயின. ஈமேக்ஸிலோ கண்ட்ரோல்-எக்ஸும் கண்ட்ரோல்-சியும் நூற்றுக்கணக்கான கட்டளைகளுக்கு முன்னொட்டாக ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. புதியவர் ஒருவர் படியெடுக்க எண்ணிக் கண்ட்ரோல்-சி அழுத்தினால், கருவி மேலும் ஏதோ எதிர்பார்த்து வாளா நிற்கும். அவர் கருவி பழுதென்று எண்ணி எழுந்து போவார். பழகியவரோ, புதியவர் பொறுமையற்றவர் என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. இருவரும் ஒருவரையொருவர் கேட்பதில்லை என்பதே குறை.

முகத்தின் பொருட்டு நேர்ந்த பிரிவு

வரைகலை முகத்தைச் சேர்ப்பது பொத்தான்களை ஒட்டவைக்கும் எளிய பணி எனப் பலர் எண்ணுகின்றனர். ஈமேக்ஸின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் லூசிட் என்னும் நிறுவனம் தன் நிரலாக்கச் சூழலுக்கு ஈமேக்ஸையே முகப்பாகக் கொள்ள விரும்பியது. அதற்குச் சாளரமுறைக்கு ஏற்ற புதிய பதிப்பு தேவைப்பட்டது. குனூ திட்டத்தின் 19ஆம் பதிப்பு வரக் காலம் தாழ்ந்தமையால், லூசிட் நிறுவனத்தார் 1992-இல் தம் பதிப்பைத் தனியே வெளியிட்டனர். குனூவின் பதிப்பு 1993-இல் வந்தது. இரண்டையும் மீண்டும் இணைக்க நடந்த முயற்சிகள், உள்ளமைப்பு பற்றிய கருத்து வேற்றுமையாலும், எழுதியோர் தம் பதிப்புரிமையை எழுத்துவழி ஒப்படைக்கவேண்டும் என்னும் சட்டத் தேவையாலும் கைகூடவில்லை. 1994-இல் லூசிட் நிறுவனம் மூடப்பட்டது. அதன் கிளை எக்ஸ்ஈமேக்ஸ் என்னும் பெயரால் வாழ்ந்தது. பல்லாண்டுகள் இரு கிளைகளிலும் ஒரே பணி இருமுறை நடந்தது. ஒன்றுக்கு எழுதிய துணைநிரல் மற்றொன்றில் ஓடாத இடர்ப்பாட்டைத் துணைநிரல் எழுதுவோர் சுமந்தனர்.

இதனைப் பகைமையின் வரலாறாக மட்டும் நான் காணவில்லை. பிரிந்து சென்றோர் முன்னே ஓடிக் காட்டியமையால்தான் நின்றவர்களும் நடந்தனர் என்று கூறுவாரும் உண்டு. 2001-இல் வந்த குனூ ஈமேக்ஸ் 21ஆம் பதிப்பில் கெர்ட் மோல்மன் எழுதிய புதிய காட்சிப்பொறி இடம்பெற்றது. அதுவரை திரை என்பது ஒரே அளவுக் கட்டங்களால் ஆன எழுத்துப் பலகையாகவே பெரிதும் கருதப்பட்டது. புதிய பொறி வேறுவேறு உயரமும் அகலமும் உடைய எழுத்துகளையும், படங்களையும், கருவிப்பட்டையையும் ஏந்தக்கூடியதாயிற்று. கண்ணுக்குத் தெரிந்தது கருவிப்பட்டை. உண்மையான பணியோ அதனடியில் நிலத்தை உழுது புரட்டியதுதான். 2023-இல் வந்த 29ஆம் பதிப்பிலேதான், திரையை வரிவரியாக அன்றித் திரைப்புள்ளி அளவில் மெல்ல நகர்த்தும் வசதி அதனுடன் உடன்வருவதாயிற்று. கைப்பேசியில் குழந்தையும் செய்யும் ஒன்றுக்கு இத்துணை ஆண்டுகளா என்று நகைப்பது எளிது. வரியே அலகு என்று கொண்டு கட்டிய வீட்டில், வரியின் பாதியைக் காட்ட வேண்டுமானால் எத்தனை சுவர்களைத் தொடவேண்டும் என்பதைக் கட்டியவரே அறிவர்.

கட்டத்துள் அடங்காத தமிழ்

இனி, நம் மொழிக்கும் இக்கதைக்கும் உள்ள தொடர்பைச் சொல்கிறேன். இத்தொடர்பை நான் நூலில் படித்தறியவில்லை, இழப்பினால் அறிந்தேன்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பாக ஏறத்தாழ 1,200 பாடவேறுபாடுகளைத் தொகுத்திருந்தேன். பல்கலைக்கழக வாயிலருகே இருந்த ஒரு கணினியச்சு நிலையத்தில் அவற்றைத் தட்டச்சு செய்வித்தேன். அவர்கள் ஆண்டது அந்நாளில் வழங்கிய எழுத்துருக்களுள் ஒன்று. அதற்கெனத் தனிக் குறியாக்கம். அவ்வெழுத்துரு இல்லையேல் கோப்பு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. சில ஆண்டுகள் கழித்துப் பதிப்புப் பணிக்காக அக்கோப்பைத் திறந்தேன். ஒரு சொல்லும் படிக்க இயலவில்லை. நிலையமும் அப்போது அங்கில்லை. தாளில் அச்சிட்ட படி இருந்தது. ஆனால் தேடவும் வரிசைப்படுத்தவும் ஒப்பிடவும் கூடிய வடிவம் போயிற்று. நான்கு கோடை விடுமுறைகள் சுவடி நூலகத்தில் கழித்து ஈட்டியதை இழந்ததாகவே உணர்ந்தேன்.

எங்கள் கல்லூரியில் கணினியியல் பயின்று, பகுதி ஒன்றில் என்னிடம் தமிழ் கேட்ட மாணவர் ஒருவர் உதவிக்கு வந்தார். அவர் திறந்த கருவிதான் ஈமேக்ஸ். பழைய குறியாக்கத்தில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் சேமிக்கப்பட்டிருந்தன. கொ என்னும் எழுத்தில் முதலில் ஒற்றைக்கொம்பு, பின் ககரம், பின் கால். ஒருங்குறியிலோ ககரம் முதலில் நிற்கும். ஒகரக்குறி அதனைத் தொடரும். ஆகவே கொம்புகள் அனைத்தையும் மெய்க்குப் பின்னே நகர்த்திக் காலோடு சேர்க்கும் விதிகளை அவர் எழுதினார். ஆயிரக்கணக்கான இடங்கள் சில நொடிகளில் மாறின. ஒன்று மட்டும் மாறவில்லை. பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே வடிவம். மௌனம் என்பதும் மெளனம் என்பதும் கோப்பில் ஒன்றே. எது ஔகாரம், எது எகரமும் ளகரமும் என்பதை விதியால் முற்றும் தீர்க்கவியலாது, படித்துத்தான் தீர்க்கவேண்டும். அவ்விடங்களை ஒவ்வொன்றாகக் கருவி காட்ட, நான் படித்துச் சொன்னேன். ஏடு பார்த்துப் பெயர்த்தெழுதிய நாள்களே மீண்டும் வந்தன போலும்.

அப்போதுதான் முகத்தின் அருமை விளங்கிற்று. எழுத்து முனையத்தில் அப்பணியைத் தொடங்கியபோது, கொம்பு எங்கு நிற்கிறது என்றே என்னால் காண முடியவில்லை. முனையம் என்பது சதுரங்கப் பலகை போன்றது: ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், அல்லது சீன எழுத்துகளுக்கு உரியது போல இரு கட்டம். தமிழெழுத்தோ அவ்வொழுங்கிற்கு அடங்காது. ரகரம் ஒடுக்கம், ணகரம் அகலம்; ஒரே உயிர்க்குறி மெய்க்கு இருபுறமும் நிற்கும். கட்டத்தைக் காக்க முயன்றால் எழுத்து உடையும். எழுத்தைக் காக்க முயன்றால் கட்டம் உடையும். வரைகலை முகம் பெற்ற விம் திருத்தியிலும் அடிப்படை கட்டமே ஆதலால், அகன்ற தமிழெழுத்துகள் அங்கே நெருக்குண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

ஈமேக்ஸ் இச்சிக்கலைப் படிப்படியாகத் தீர்த்தது. சப்பானில் ஆய்வாளர் கெனிச்சி ஹண்டாவும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய மியூல் என்னும் பன்மொழி விரிவாக்கம் 1997-இல் 20ஆம் பதிப்பில் இணைந்தது. 2009-இல் 23ஆம் பதிப்பு உள்ளமைப்பை ஒருங்குறிக்கு மாற்றியது. விளிம்பு மென்மையான எழுத்துருக்களையும் ஏற்றது. 2012-இல் 24ஆம் பதிப்பு அரபு, ஈபுரு ஆகிய வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளைக் காட்டக் கற்றது. 2020-இல் 27ஆம் பதிப்பு, எழுத்துகளை உரியவாறு உருவமைக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் நூலகத்தை ஏற்றது. பயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபீஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் தமிழ் ஒழுங்காகத் தோன்றுவதற்கும் அதே நூலகம் துணைநிற்கிறது. உருவமைப்பு ஓரிடத்தில் திருந்தினால் பல இடங்களில் தமிழ் திருந்தும் நிலை உண்டானது, மூலங்கள் திறந்திருந்தமையால்தான்.

நம் மொழி பேசாதவர்கள், நம் எழுத்தை ஒருவேளை படிக்கவும் அறியாதவர்கள், பிற மொழிகளுக்கும் நமக்கும் சேர்த்து இப்பணியைச் செய்தனர். அவர்களுக்கு நன்றி சொல்லும் அதே வேளையில், நாம் செய்தது யாது என்னும் வினா என்னை உறுத்துகிறது.

நானும் ஒரு வாயிற்காவலர் ஆன கதை

இனிச் சொல்லவிருப்பது என் பிழை. ஓரிரு ஆண்டுகளில் ஈமேக்ஸின் விசைகள் என் விரல்களுக்குப் பழகின. பழகியவர் பலர் செய்வதையே நானும் செய்தேன்: கருவிப்பட்டையை நீக்கினேன், பட்டியல்களை மறைத்தேன், திரை முழுதும் எழுத்து மட்டுமே நிற்க மகிழ்ந்தேன். அதில் தவறில்லை. என் முதுகலை மாணவி ஒருத்தி தன் திட்டக்கட்டுரைக்காக இக்கருவியைக் கற்க வந்தபோது, அவளுக்கும் அதே வெற்றுத் திரையைத் தந்து, சுட்டியைத் தொடாதே, விசைகளை மனப்பாடம் செய் என்றேன். நான் பட்ட பாட்டை அவளும் படட்டும் என்னும் எண்ணம் உள்ளூர இருந்ததோ என்று இன்று ஐயுறுகிறேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அவள் வேறுபாடுகளைக் குறிப்பேட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "அம்மா, அதைத் திறந்தால் மூடத் தெரியவில்லை" என்றாள்.

சுவடி வைத்திருந்தும் பிறர்க்குக் காட்டாத பண்டிதர்களை வகுப்பில் எத்தனை முறை குறைகூறியிருக்கிறேன்! அச்சொற்கள் என்னையே நோக்கித் திரும்பின.

மறைத்த பட்டியலை மீண்டும் திறந்து கொடுத்தேன். அப்போது, நெடுநாள் கண்முன் இருந்தும் காணாத ஒன்றைக் கண்டேன். ஈமேக்ஸின் பட்டியலில் ஒவ்வொரு கட்டளையின் பெயருக்கும் எதிரே அதற்குரிய விசை எழுதப்பட்டிருக்கிறது. சுட்டியால் ஐந்து முறை அக்கட்டளையைத் தேர்ந்தவள், ஆறாம் முறை எதிரே உள்ள விசையை அழுத்துகிறாள். பின்பு அப்பட்டியலை நாடுவதில்லை. பட்டியல் அவளை மூலத்திடம் சேர்ப்பித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

இதுவன்றோ உரையின் இயல்பு! நூற்பா சுருக்கமானது, அறிந்தார்க்கு அதுவே போதும். அறியாதார்க்கு இளம்பூரணரும் சேனாவரையரும் பரிமேலழகரும் வேண்டும். நல்ல உரை மூலத்தை மாற்றி எழுதுவதில்லை. மூலத்தை விட்டுவிடு என்று சொல்வதுமில்லை. கையைப் பிடித்து அழைத்துச் சென்று மூலத்தின் முன் நிறுத்துகிறது. பழைய கருவிக்குப் புதுமுகம் சேர்ப்பவர் உரையாசிரியர் போன்றவர். உரை வேண்டா என்பவர் கல்வியைச் சிலர்க்கே உரியதாக்குகிறார். மூலமே வேண்டா என்பவர் கற்றோர் கையில் இருப்பதைப் பறிக்கிறார்.

இவ்விரண்டுக்கும் இடையே வழி உண்டு என்பதற்கு ஈமேக்ஸின் கியூவா முறை நல்ல சான்று. விரும்பினோர் அதனை இயக்கிக்கொள்ளலாம். இயக்கினால், எழுத்துப் பகுதி ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும்போது மட்டும் கண்ட்ரோல்-எக்ஸ் வெட்டும், கண்ட்ரோல்-சி படியெடுக்கும். எதுவும் தேர்ந்தெடுக்கப்படாதபோது அவை பழையபடி முன்னொட்டாகவே நிற்கும். வருமொழி நோக்கி நிலைமொழி திரிவது போல, சூழல் நோக்கி விசை பொருள் மாறுகிறது. பழமையும் கெடவில்லை, புதுமைக்கும் இடம் கிடைத்தது.

வேறு இரு வழிகள்

வி.ஐ. மரபில் வந்தோர் வேறு வழி கண்டனர். நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மோலினார் 1988-இல் தம் அமீகா கணினிக்காகத் தொடங்கிய விம், 1991-இல் வெளிவந்தது, 1996-இல் 4ஆம் பதிப்பில் வரைகலை முகம் பெற்றது, 2019-இல் 8.2ஆம் பதிப்பில் எழுத்தின்மேல் மிதக்கும் சிறு சாளரங்களைப் பெற்றது. வெளியேறத் தெரியாத புதியவர் கண்ட்ரோல்-சி அழுத்தினால், வெளியேறும் கட்டளை இன்னது என்று திரையின் அடியில் ஒரு வரி தோன்றும். அவ்வொரு வரியும் என் கணிப்பில் புதுமுகமே. மோலினார் தம் மென்பொருளுக்கு விலை கேட்கவில்லை. விரும்புவோர் உகாண்டா நாட்டின் கிபாலே குழந்தைகளுக்கு உதவுக என்று மட்டும் வேண்டினார். 2023 ஆகஸ்டு 3-இல் அவர் மறைந்தார். அவரோடு உழைத்தவர்கள் பணியைத் தொடர்ந்து, 2024 சனவரியில் வெளியிட்ட 9.1ஆம் பதிப்பை அவர் நினைவுக்கே உரிமையாக்கினர். ஆசிரியர் மறைந்தாலும் நூல் படியெடுக்கப்பட்டு வாழ்வது போல, மூலம் திறந்திருந்தமையால் கருவியும் வாழ்கிறது.

2014-இல் விம்மிலிருந்து கிளைத்த நியோவிம், முகத்தையும் உள்ளத்தையும் வெவ்வேறாகப் பிரித்தது. எழுத்தைக் காத்துத் திருத்தும் பகுதி ஒன்று. அதனைக் காட்டும் பகுதி வேறொன்று. இரண்டும் செய்திகளால் பேசிக்கொள்ளும். ஆகவே ஒரே உள்ளத்திற்குப் பலர் பல முகங்களை ஆக்கவியலும்.

முகம் என்றால் கண்ணுக்குரியது மட்டுமா? கண்பார்வையற்ற கணினி அறிஞர் டி.வி. ராமன், 1995-இல் ஈமேக்ஸுக்குப் பேச்சு முகம் ஒன்றை ஆக்கி வெளியிட்டார். ஈமேக்ஸ்பீக் என்பது அதன் பெயர். திரையில் உள்ள எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கும் கருவியன்று அது. எழுத்தின் இயல்பறிந்து குரலை வேறுபடுத்திச் சொல்வது. கருவியின் உட்கட்டளைகளை வெளியிலிருந்தே தழுவி விரிக்க மூலம் இடந்தந்தமையால் அது கைகூடியது. புதுமுகம் ஆடம்பரம் என்று சொல்வோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருவர்க்கு ஆடம்பரமாகத் தோன்றுவது மற்றொருவர்க்கு வாயிலாக அமையும்.

2025 பிப்ரவரியில் வந்த ஈமேக்ஸ் 30ஆம் பதிப்பு ஆண்ட்ராய்டுக் கருவிகளிலும் இயங்குகிறது. விரல் தொடுதலையும் ஏற்கிறது. தாளில் அச்சிட்ட முனையத்தின் காலத்தை அடுத்துப் பிறந்த கருவி, உள்ளங்கையில் தொடுதிரையில் வந்து நிற்கிறது.

நிறைவாக

அன்பர்களே! என் மாணவி தன் திட்டக்கட்டுரையை முடித்துவிட்டாள். என் 1,200 பாடவேறுபாடுகளும் இன்று ஒருங்குறியில், எந்தத் திருத்தியிலும் திறக்கக்கூடிய வெற்றெழுத்துக் கோப்பாக உள்ளன. அவள் திரையில் கருவிப்பட்டை இருக்கிறது. என் திரையில் இல்லை. இருவரும் திறப்பது ஒரே கோப்பு. இதனினும் சிறந்த இணக்கம் எனக்குத் தெரியவில்லை.

தமிழன்பர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. தமிழெழுத்து ஒரு கருவியில் உடைந்து தோன்றினால், கணினிக்குத் தமிழ் வராது என்று கைவிட்டுவிடாதீர்கள். எந்த எழுத்து, எந்த இடத்தில், எவ்வாறு உடைகிறது என்பதை எழுதி, அக்கருவியை ஆக்குவோர்க்குத் தெரிவியுங்கள். மூலம் திறந்த கருவிகளுக்கு அத்தகைய முறையீடும் ஒரு கொடையே. கொவ்வும் கௌவும் எவ்வாறு நிற்கவேண்டும் என்பதை நிரலாளர்க்கு நாம் சொல்லாவிடில் வேறு யார் சொல்வர்? சுவடியில் புள்ளியிடாது விட்டதன் விலையை நம் பதிப்பாசிரியர்கள் வாழ்நாளெல்லாம் செலுத்தினர். திரையில் விலகிக் கிடக்கும் புள்ளியைப் பொருட்படுத்தாது விட்டால், அவ்விலையை நம் மாணவர்கள் செலுத்துவர்.

அந்தப் பக்கத்தில் முழுமையாக நிற்கும் அதே சொல்லோடு அமைகிறேன்.

வணக்கம்.